சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிங்கம்!

குழந்தைகளே! உங்கள் சட்டைப் பொத்தானைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அந்த அளவே உள்ள மரத்துண்டில் ஒரு சிங்க முகம் செதுக்க வேண்டும். பிடரி மயிர், மூக்கு, உறுமும் வாய், இரண்டு கண்கள் எல்லாம் தெரிய வேண்டும். ஒன்று செய்தால் போதாது. அதே மாதிரி டஜன் கணக்கில் வேண்டும்!

'யாருக்கு இவ்வளவு பொறுமை?' என்று கேட்கிறீர்களா? மாதிரிக் கப்பல் செய்கிறவர்களுக்கு இருக்கிறது. அதிலும் 'வாசா' என்ற கப்பலைச் செய்ய உட்கார்ந்தவர்களுக்கு நிறையவே வேண்டும். ஏனென்றால் உண்மையான வாசா கப்பலில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 700 மரச் சிற்பங்களும் அலங்காரங்களும் இருந்தன.

முதலில் அந்தப் பெரிய கப்பலின் கதையைக் கேளுங்கள். சுவீடன் நாட்டு மன்னர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃப், 64 பீரங்கிகளோடு ஒரு போர்க்கப்பல் கட்டச் சொன்னார். அந்தக் காலத்தில் போர்க்கப்பல் என்பது மிதக்கும் அரண்மனை மாதிரி. பார்த்தவுடனே எதிரி மிரள வேண்டும்! அதனால் மார்ட்டன் ரெட்மெர் முதலான சிற்பிகள் கப்பல் முழுக்கச் சிற்பங்களாகச் செதுக்கித் தள்ளினார்கள். மூக்கில் பாயும் சிங்கம். பின்பக்கத்தில் மன்னரின் உருவமும் அரச சின்னமும். ரோமாபுரிச் சக்கரவர்த்திகள், கடல் கன்னிகள், வாத்தியக்காரர்கள். பீரங்கி ஜன்னல்களின் கதவுகளை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் அங்கும் சிங்க முகம்! கதவைத் திறந்து தூக்கினால் அத்தனை சிங்கங்களும் எதிரியைப் பார்த்து உறுமும்.

1628 ஆகஸ்ட் 10. ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. கப்பல் புறப்பட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. ஒரு காற்று அடித்தது, கப்பல் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கி ஜன்னல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது. அவ்வளவுதான், மூழ்கிவிட்டது. சுமார் 30 பேர் இறந்தார்கள். சிற்பங்களின் பாரத்தால்தான் கவிழ்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள், பாவம்! கப்பலின் மேல்பாகத்தையே அளவுக்கு மீறிக் கனமாகக் கட்டிவிட்டார்கள். அதுதான் காரணம்.

பிறகு 333 ஆண்டுகள் அது கடலுக்கு அடியிலேயே கிடந்தது. சிற்பங்களைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் துருப்பிடித்துக் கரைந்தன. சிங்கமும் சக்கரவர்த்தியும் ஒவ்வொன்றாகக் கழன்று சேற்றில் விழுந்தார்கள். ஆனால் மரம் மக்கவில்லை! மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு உப்பு அதிகமுள்ள கடலில்தான் வாழும். பால்டிக் கடலில் உப்பு குறைவு. அதனால் வாசா தப்பித்தது. 1956-ல் கண்டுபிடித்து, 1961-ல் மேலே தூக்கினார்கள். நீரில் மூழ்கித் தேடும் வீரர்கள் சேற்றைத் துழாவிச் சிற்பங்களை எடுத்தார்கள். 1990-ல் ஸ்டாக்ஹோமில் அதற்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்கள். கப்பலுக்கு அருகிலேயே அதன் மாதிரி ஒன்றும் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு அளவு. அதுவே கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம்!

வீட்டில் உட்கார்ந்து செய்கிறவர்களுக்கு அவ்வளவு இடம் ஏது? அவர்கள் 75-ல் ஒரு பங்கு போன்ற அளவை எடுத்துக்கொள்வார்கள். இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாமா? (முகத்தைச் சுளிக்காதீர்கள், சின்னக் கணக்குதான்.) வாசாவின் முழு நீளம் 69 மீட்டர். அதை 75-ஆல் வகுத்தால் 92 சென்டிமீட்டர். மேஜை மேல் வைத்துவிடலாம். மூக்கில் இருக்கும் சிங்கம் சுமார் 3 மீட்டர். அது 4 சென்டிமீட்டராகிவிடும். ஒரு மனித முகம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் 3 மில்லிமீட்டர்கூட வராது. ஒரு துவரம்பருப்பை விடச் சிறியது! அதில் கண், மூக்கு, தாடி எல்லாம் செதுக்க வேண்டும்.

கடைகளில் விற்கும் மாதிரிக் கப்பல் பெட்டிகளில் இந்த உருவங்களை உலோகத்தில் வார்த்தே கொடுத்துவிடுவார்கள். எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் சிலர் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, 'நானே மரத்தில் செதுக்குகிறேன்' என்று உளியை எடுக்கிறார்கள். எனக்கு இவர்களைத்தான் பிடிக்கிறது.

எந்த மரத்தில் செதுக்குவது? உண்மையான சிற்பங்களில் பல ஓக் மரத்தால் ஆனவை. 'அப்படியானால் மாதிரிக்கும் ஓக்தான்' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். ஓக் மரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் துளைகள் உண்டு. பெரிய சிற்பத்தில் அந்தத் துளையை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆனால் பொத்தான் அளவு சிங்கத்தில், ஒரு துளை கண் இருக்கும் இடத்தில் வந்துவிட்டால் சிங்கம் குருடாகிவிடும்! அதனால் 'பாக்ஸ்வுட்' என்ற மரத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். மிக மெதுவாக வளரும் குட்டை மரம் அது. மெதுவாக வளர்வதால் மரம் நெருக்கமாக, மாவு பிசைந்தது மாதிரி சீராக இருக்கும். அந்தக் காலத்தில் சதுரங்கக் காய்களையும் அளவுகோல்களையும் இதில்தான் செய்தார்கள். பேரிக்காய் மரமும் நன்றாகவே உழைக்கும்.

இங்கிலாந்தில் 1600-களின் பின்பாதியிலிருந்தே போர்க்கப்பல்களுக்கு அழகழகான மாதிரிகள் செய்தார்கள். அவற்றின் குட்டிச் சிற்பங்களுக்கும் இந்த பாக்ஸ்வுட்தான். லண்டனில் உள்ள கிரீனிச் அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

கருவிகள்? நம் தச்சரின் உளி இங்கே உதவாது. தடித்த ஊசியையும் பழைய அரத்தையும் தேய்த்துத் தேய்த்துக் குட்டி உளி செய்துகொள்கிறார்கள். அறுவை சிகிச்சைக் கத்தி, பெரிய பூதக்கண்ணாடி... இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். பல் டாக்டர் நம் பல்லைக் குடைவாரே, அந்தக் கருவியின் சின்னஞ்சிறு முனைகளும் உண்டு!

இனி வேலையைப் பார்ப்போம். சின்ன மரத்துண்டை வெட்டிக் கையில் பிடித்துச் செதுக்கினால் விரல்தான் வெட்டுப்படும். அதனால் நீளமான குச்சியின் நுனியில் உருவத்தைச் செதுக்குவார்கள். குச்சிதான் கைப்பிடி. எல்லாம் முடிந்த பிறகே நுனியை அறுத்து எடுப்பார்கள். முதலில் படம் வரைந்த தாளை மரத்தில் ஒட்டி, சுற்றளவை மட்டும் வெட்டுவார்கள். அடுத்து எது மேடு, எது பள்ளம் என்று பிரிப்பார்கள். சிங்க முகத்தில் மூக்குதான் மிக உயரமான இடம். அதை முதலில் விட்டுவைத்து மற்றதைக் கீழே இறக்க வேண்டும். கண் கடைசியில்! நம்மில் பலர் படம் வரையும்போது கண்ணைத்தான் முதலில் போடுவோம், இல்லையா? மரத்தில் அப்படிச் செய்தால், பிறகு முகம் எங்கே போகிறதோ அங்கே கண்ணும் போய்விடும்.

வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என ஜோடியாக வரும் உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய மாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று சேர்த்தே வளர்ப்பார்கள். இல்லாவிட்டால் அண்ணன் தம்பியாக இருக்க வேண்டியவர்கள் யாரோ எவரோ ஆகிவிடுவார்கள். கடைசியில் உப்புத்தாளை அதிகம் தொடுவதில்லை. அது கூர்மையான விளிம்புகளை எல்லாம் தேய்த்து, சிங்கத்தைச் சப்பிய மிட்டாய் மாதிரி ஆக்கிவிடும்! கத்தி முனையால் மெல்லச் சுரண்டியே வழுவழுப்பாக்குவார்கள்.

இதிலெல்லாம் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. அதைக் கை செய்யாது, மூளைதான் செய்ய வேண்டும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

பெரிய சிங்கத்தின் பிடரியில் எத்தனையோ சுருள்கள் இருக்கும். அத்தனையையும் 4 சென்டிமீட்டரில் செதுக்கினால் துருவிய தேங்காய் மாதிரி தெரியும். ஏழெட்டுச் சுருள் போதும். ஆனால் அவற்றை உண்மையில் இருப்பதைவிட ஆழமாகக் குடைய வேண்டும். சின்னப் பொருளில் நிழல் விழாது; நிழல் இல்லாவிட்டால் உருவமும் தெரியாது.

இன்னொரு உதாரணம். வாசாவின் முன்பக்கத்தில், ஒரு பெஞ்சுக்கு அடியில் குனிந்து ஒடுங்கிக் கிடக்கும் ஒரு மனிதன் சிற்பம் உண்டு. அவன் போலந்து நாட்டுப் பிரபு. அப்போது சுவீடனுக்கும் போலந்துக்கும் சண்டை. எதிரியை அவமானப்படுத்தத்தான் அந்தச் சிற்பம்! இது தெரியாமல் செதுக்குகிறவர், மீசையையும் சட்டை மடிப்பையும் அழகாகச் செதுக்கிவிட்டு, ஆளை வசதியாக உட்கார வைத்துவிடுவார். தெரிந்தவர் மீசையை விட்டாலும் விடுவார், அந்த வளைந்த முதுகை விடமாட்டார். ஒரு சென்டிமீட்டர் உருவத்திலும் அவமானம் தெரிந்துவிடும்.

வண்ணத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. வாசாவின் பின்பக்கம் நீல நிறம், சிற்பங்கள் தங்க நிறம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மாதிரிகள் பலவும் அப்படியே பளபளவென்று நின்றன. பிறகு, சேற்றில் கிடந்த சிற்பங்களின் இடுக்குகளில் ஒட்டியிருந்த வண்ணத் துணுக்குகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 1990-களில் உண்மை தெரிந்தது. பின்புலம் சிவப்பு! சிற்பங்களோ கோயில் கோபுர பொம்மைகள் மாதிரி பல வண்ணங்களில் இருந்திருக்கின்றன. அருங்காட்சியகத்து மாதிரியில் இப்போது அந்த வண்ணங்களைத்தான் பார்க்கிறோம். நீல மாதிரி செய்து முடித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்!

உங்களுக்கும் கை துறுதுறுக்கிறதா? மரமும் கத்தியும் இப்போது வேண்டாம். அம்மாவிடம் கேட்டு ஒரு குளியல் சோப்பு வாங்கிக்கொள்ளுங்கள். உறை பிரித்த புதுச் சோப்பாக இருக்கட்டும். காய்ந்த சோப்பு வெடித்துப் பிளக்கும். குண்டூசியால் சிங்க முகத்தைக் கோடு போடுங்கள். ஐஸ்கிரீம் குச்சியால் மூக்கைச் சுற்றிலும் சுரண்டிப் பள்ளமாக்குங்கள். பிடரிக்கு ஏழு சுருள் போதும், ஆழமாக இருக்கட்டும். கண்ணைக் கடைசியில் போடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பிடித்துப் பார்த்தால் நிழல் எங்கே விழவில்லை என்று தெரியும். அங்கே இன்னும் கொஞ்சம் சுரண்டலாம்.

கீழே விழும் சோப்புத் தூளைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறவைத்தால் ஒரு வாரம் கை கழுவலாம்.