பாடகருக்குப் பின்னால் நின்றவர்கள்

ஆலையில் உருக்கி வார்த்த தங்கக் கட்டியைக் கண்டவர்கள் அதன் ஒளியையே கண்டனர். பல்லாயிரம் அடி ஆழத்தில் பாறையைத் துளைத்தவர் யார், வெடி வைத்தவர் யார், மர முட்டுக் கொடுத்து மேற்பாறையைத் தாங்கச் செய்தவர் யார் என்று கேட்டவர்கள் சிலரே. கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பணி தொடங்கியது முதல் 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது என்பர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடிச் சென்ற நம் முன்னோரின் உழைப்பு அதில் பெரும்பங்கு. ஆயினும் எந்தக் கட்டியின்மீதும் அவர்கள் பெயர் பொறிக்கப்படவில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சுரங்கமன்று, இசை. எனினும் தங்கவயலை நினைத்துத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அவ்வூரில் இருவகை இசை அருகருகே ஒலித்தன. தொழிலாளர் குடியிருப்புகளில் பஜனையும், தேவாலயக் கீர்த்தனையும், தமிழ்த் திரைப்பாட்டும் கேட்டன. அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாரும் கூடிய மன்றங்களில் வாத்தியக் குழுவினர் வாசிக்க நடன இரவுகள் நிகழ்ந்தன. 1950களின் பிற்பகுதியில் ராக் அண்ட் ரோல் என்னும் புதிய அமெரிக்க இசை, இசைத்தட்டுகளின் வழியாக நம் நாட்டு நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது. அவ்விசையில் பாடகரின் பெயர் வானளாவ உயர்ந்தது. அவருக்குப் பின்னால் நின்று வாசித்தவரும் பாடியவரும் யார்? அவர்கள் செய்த பணி என்ன?

இதனை விளங்கிக்கொள்வது நமக்கு அரிதன்று. கச்சேரியில் பக்கவாத்தியம் என்ன செய்கிறது என்பதை நாம் அறிவோம். வில்லுப்பாட்டில் புலவர் ஓரடி பாடப் பின்பாட்டுக்காரர்கள் அதனை ஏற்று முழங்குவதும், இடையிடையே ‘ஆமாம்’ போட்டுக் கதையை நகர்த்துவதும் நாம் கேட்டவையே. ஒருவர் அழைக்கப் பலர் விடை கூறும் இம்முறை அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களிலும் வேரூன்றியிருந்தது. அங்கிருந்துதான் அது ராக் அண்ட் ரோலுக்கு வந்தது.

1954 ஜூலையில் மெம்பிஸ் நகரத்தின் சன் ஒலிப்பதிவுக்கூடத்தில் எல்விஸ் பிரெஸ்லி தம் முதல் இசைத்தட்டுக்காகப் பாடினார். அவருடன் இருவரே இருந்தனர். ஸ்காட்டி மூர் மின்கிட்டார் வாசித்தார். பில் பிளாக் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பாஸ் வாத்தியத்தைக் கையாண்டார். முரசு வாசிப்பவர் எவரும் இல்லை. ஆகவே பிளாக் தம் வாத்தியத்தின் தந்தியை இழுத்து, அது மரத்தின்மேல் மோதும்படி விட்டார். ஒரே கையசைவில் சுருதியும் தாளமும் பிறந்தன. அந்த இசைத்தட்டில் எல்விஸின் பெயரோடு ஸ்காட்டி, பில் என்ற பெயர்களும் அச்சாயின. அடுத்த ஆண்டில் டி. ஜே. ஃபான்டானா என்பவர் முரசுடன் வந்து சேர்ந்தார். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் இரண்டாவதையும் நான்காவதையும் அழுத்தி அடிப்பதே இவ்விசையின் நாடித்துடிப்பு. கேட்பவர் கால்கள் தாமாக ஆடத் தொடங்குவதற்கு அதுவே காரணம்.

1956 முதல் ஜார்டனேர்ஸ் என்னும் நால்வர் குழு எல்விஸுக்குப் பின்னிருந்து பாடியது. அவர்கள் பக்திப் பாடல்களில் பயின்றவர்கள். சொல்லில்லாத ‘ஊ’, ‘ஆ’ என்னும் நீண்ட ஓசைகளால் பாடகரின் குரலுக்கு மெத்தை விரிப்பதைப்போல் அவர்கள் துணை நின்றனர். அக்குழுவைச் சேர்ந்த நீல் மேத்யூஸ், சுரச் சேர்க்கைகளை எழுத்துக்குப் பதிலாக எண்களால் குறிக்கும் முறையொன்றை அமைத்தார். பாடகர் சுருதியை மாற்றினாலும் எண் மாறுவதில்லை. எந்தச் சுருதியில் பாடினும் ‘ச’ என்பது ‘ச’வாகவே நிற்கும் நம் சுர முறையை அறிந்தவர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும்.

அக்காலத்தில் பாடகரும் வாத்தியக்காரரும் பெரும்பாலும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பதிவு செய்தனர். ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே பின்னால் நிற்பவர்க்கும் முன்னால் நிற்பவர்க்கும் பொறுப்பு ஒன்றே. ஊதியமோ ஒன்றாக இருக்கவில்லை. எல்விஸ் பெரும்பொருள் ஈட்டிய காலத்தில் மூரும் பிளாக்கும் வாரக்கூலி பெற்று வந்தனர். அக்குறை பொறுக்காது 1957இல் அவ்விருவரும் விலகினர். அதனினும் மனத்தைத் தொடுவது டேனி செட்ரோனின் வரலாறு. பில் ஹேலியும் காமெட்ஸ் குழுவினரும் 1954 ஏப்ரலில் பதிவு செய்த ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’ என்னும் பாட்டில் மின்னலெனப் பாயும் கிட்டார் வாசிப்பு அவருடையது. அதற்காக அவர் பெற்றது 21 டாலர். இரண்டு மாதம் கழித்து மாடிப்படியிலிருந்து விழுந்து அவர் இறந்தார். 1955இல் அப்பாட்டு உலகப் புகழ் பெற்றதை அவர் காணவில்லை.

இவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் தொடர்புண்டு. 1940இல் லக்னோவில் பிறந்து 1948இல் இங்கிலாந்து சென்ற கிளிஃப் ரிச்சர்டுக்குத் துணை நின்ற குழு, 1959இல் ‘ஷேடோஸ்’, அதாவது ‘நிழல்கள்’, என்று பெயர் பூண்டது. மறு ஆண்டிலேயே பாடகரின்றித் தனியே ஓர் இசைத்தட்டு வெளியிட்டு அந்நிழல்கள் முதலிடம் பெற்றன. 1941இல் சென்னையில் பிறந்த பீட் பெஸ்ட், பீட்டில்ஸ் குழுவின் முரசு வாசிப்பவராக இருந்தார். 1961இல் ஹாம்பர்க் நகரில் டோனி ஷெரிடன் என்ற பாடகருக்கு அக்குழுவே பக்கவாத்தியமாக அமைந்தது. உலகை ஆண்ட குழுவும் ஒருகால் பின்வரிசையில் நின்றதே. ஆனால் 1962இல், புகழ் வரும் வாயிலில், பெஸ்ட் குழுவினின்று நீக்கப்பட்டார்.

தமிழ்த் திரையிசையில் இப்புதிய சாயல் 1950களிலேயே புகுந்தது. 1958இல் வெளிவந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் ஜி. ராமநாதன் அதனைக் கையாண்டார். மெல்லிசை மன்னர்களின் இசைக்குழுவில் ஹென்றி டேனியல், நோயல் கிராண்ட் போன்ற மேனாட்டிசை வல்லுநர் பணிபுரிந்தனர். எல். ஆர். ஈஸ்வரி, கோஷ்டிப் பாடகியான தம் தாயைப் பின்பற்றி 1954இல் ‘மனோகரா’வில் குழுவினருள் ஒருவராகப் பாடினார். தனிப்பாடகியாக வருவதற்கு 1958 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இளையராஜாவும் 1976இல் ‘அன்னக்கிளி’ வருமுன் கன்னடத் திரையிசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்தவர். பின்வரிசையிலிருந்து முன்வந்தவர் இவர்கள். பின்வரிசையிலேயே வாழ்நாளைக் கழித்தவரோ மிகப் பலர். இசைத்தட்டின் முகப்பில் அவர்கள் பெயருக்கு இடமிருந்ததில்லை.

அமெரிக்காவில் இக்குறையை நீக்கக் காலம் ஆயிற்று. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தார் 2000ஆம் ஆண்டில் துணை வாத்தியக்காரர்க்கெனத் தனிப் பிரிவு ஏற்படுத்தி ஸ்காட்டி மூரைச் சிறப்பித்தனர். பாடகர்களை மட்டும் ஏற்று அவர்தம் குழுக்களை விட்டுவிட்ட பிழையை 2012இல் திருத்தினர். காமெட்ஸ், கிரிக்கெட்ஸ், புளூ கேப்ஸ் முதலிய ஆறு குழுக்கள் அன்று ஒருங்கே ஏற்கப்பட்டன. அவற்றுள் இடம்பெற்றோர் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

வானொலிக் கச்சேரியில் பாடுபவர் பெயரோடு வயலின், மிருதங்கம் வாசிப்பவர் பெயரும் அறிவிக்கப்படுவது நாம் அறிந்த நல்வழக்கம். பிற மாநிலங்களில் தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் மெல்லிசை மாலைகளிலும் அவ்வழக்கம் நிலைபெற வேண்டும். தபேலாக்காரர் பெயரையும், பின்பாட்டுப் பாடும் பெண்களின் பெயரையும் மேடையில் உரக்கச் சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும். நம் ஊரில், நம் தெருவில், ஒருகாலத்தில் இசைக்குழுவில் வாசித்த முதியவர் இருப்பாராயின், அவரிடம் சென்று கேட்டு எழுதி வைப்போம். சுரங்கத்தில் இறங்கிய நம் பாட்டன்மார் பெயர்களை எழுதி வைக்கத் தவறியவர்கள் நாம். அப்பிழையை இசையிலும் செய்ய வேண்டா.