சங்கிலிக் கணக்கேடு எதற்கு?



நாம் வாழும் இந்த மலையை 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு குறித்தார். அன்று இங்குத் தேயிலை இல்லை. பின்னர் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கும் குளிர்வாசத் தலமாக இதை நினைத்தார்கள். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கவே, இது தேயிலை மலையாயிற்று. காய்கறி மலையும் ஆயிற்று. இன்றோ சனி ஞாயிறுகளில் சுங்கை பாலாஸ் பாதையில் ஏறி வருவோரில் பலர், பச்சைச் சரிவின் நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ளவே வருகிறார்கள். மண் அதே மண்தான். அது எதற்கு என்ற எண்ணம்தான் மாறி வந்திருக்கிறது.

இத்தகைய மாற்றம் கணினி உலகில் ஒரு கணக்கேட்டுக்கும் நேர்ந்திருக்கிறது. அதன் பெயர் பிளாக்செயின். சங்கிலிக் கணக்கேடு என்று சொல்லலாம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். எடையைக் கிராணி தம் ஏட்டில் எழுதுகிறார். ஏடு ஒன்றுதான், அது அவர் கையில். நாற்பது கிலோவை முப்பதாக்க ஒரு கோடு போதும். அதற்குப் பதிலாக, நிறுக்கப்படும் ஒவ்வொரு கூடையின் எடையையும் நூறு தொழிலாளர்களும் தத்தம் புத்தகத்தில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், முந்தின பக்கத்தின் எண்களைக் கொண்டு கணித்த ஓர் அடையாள எண்ணையும் இடுகிறார்கள். பழைய பக்கத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால், அதன் பின்வரும் எல்லாப் பக்கங்களும் பொருந்தாமல் போகும். அதுவும் நூறு புத்தகங்களில் திருத்த வேண்டும். இவ்வளவுதான் விஷயம். புத்தகங்களுக்குப் பதில் கணினிகள், அவை உலகெங்கும் இருக்கின்றன.

இத்தகைய ஏட்டைப் பணத்துக்கு முதலில் பயன்படுத்திக் காட்டியது பிட்காயின். சத்தோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபரில் அதன் திட்டம் வெளியாயிற்று. 2009 ஜனவரி 3இல் ஏட்டின் முதற்பக்கம் எழுதப்பட்டது. வங்கி இல்லாமல் ஒருவர் மற்றொருவருக்குக் காசு அனுப்புவதே நோக்கம் என்றார்கள். 2010 மே 22இல் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா பெற்றார். விலை ஏறியதும் யார் அதைக் கொடுத்து ரொட்டி வாங்குவார்? செலவழிக்கும் காசு என்ற பேச்சு அடங்கி, பூட்டி வைக்கும் தங்கம் என்ற பேச்சு எழுந்தது. எல் சால்வடோர் நாடு 2021இல் அதை நாட்டு நாணயமாக்கியது. 2025இல், கடைக்காரர் விரும்பினால் வாங்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்திவிட்டது.

எத்திரியத்தின் கதை இன்னும் சுவையானது. ரஷ்யாவில் பிறந்து கனடாவில் வளர்ந்த விட்டாலிக் புட்டெரின் 2013இன் இறுதியில், தமது பத்தொன்பதாம் வயதில், அதற்குத் திட்டம் தீட்டினார். 2015 ஜூலை 30இல் அது தொடங்கியது. ஏட்டில் கணக்கு மட்டுமன்றி, 'இன்னது நடந்தால் இன்னாருக்குப் பணம் போகட்டும்' என்ற நிபந்தனையையும் எழுதலாம் என்பதே அதன் புதுமை. உலகத்துக்கே ஒரு பொதுக் கணினி என்றார்கள்.

யாராலும் மாற்ற முடியாத ஏடு என்பதே அதன் பெருமை. ஆனால் 2016 ஜூனில், பலர் சேர்ந்து போட்ட பொதுப் பணத்திலிருந்து சுமார் 36 லட்சம் ஈத்தர் நாணயங்களை, நிபந்தனையில் இருந்த ஓட்டையின் வழியே ஒருவர் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே பெரும்பாலோர் கூடி, விதியை மாற்றிப் பணத்தை உரியவர்களிடம் திருப்பினார்கள். மாற்றக் கூடாது என்றவர்கள் பழைய ஏட்டையே தொடர்ந்தார்கள். ஏடு இரண்டாயிற்று! இயந்திரத்தை நம்பினால் போதும், மனிதரை நம்ப வேண்டியதில்லை என்ற பேச்சு அன்றே ஆட்டம் கண்டது என்பது நம் எண்ணம்.

2017இல் எத்திரியம் புதுப்புது நாணயம் வெளியிட்டுப் பணம் திரட்டும் இடமாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் கணினிப் பூனைக்குட்டிகளை வாங்கி விற்கும் விளையாட்டு ஒன்றால் ஏடே நெரிசலில் திணறியது. 2020இல் அது வங்கியில்லாத கடன் சந்தை. 2021இல் ஓவியச் சந்தை; ஒரு கணினிப் படத்தின் உரிமைச் சீட்டு 6 கோடியே 90 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பிறகு அந்தச் சந்தை சரிந்தது. இப்பொழுதோ, மற்ற ஏடுகள் தங்கள் கணக்கைக் கொண்டுவந்து முடிக்கும் அடிப்படை ஏடு என்று பேசப்படுகிறது.

ஏன் இப்படி? கருவி பொதுவானது, உரிமையாளர் என்று ஒருவர் இல்லை, ஆளுக்கொரு வேலைக்கு எடுத்தார்கள். மற்றொரு காரணமும் உண்டு. நாணயத்தை வாங்கி வைத்தவருக்கு, அடுத்து வாங்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சொல்ல ஒரு புதிய காரணமும் வேண்டும்.

அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு லயத்து வாசலுக்கும், இப்பொழுது கைப்பேசிக்கும், ஆள் வந்து சேர்கிறார். கூட்டு கட்டும்போது, கையில் வரும் பணம் யார் யார் கட்டியது என்று நமக்குத் தெரியும். இவர் மாதந்தோறும் தருவதாகச் சொல்லும் இலாபம் யார் பையிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். நம் நாட்டில் பேங்க் நெகாரா இந்த நாணயங்களைச் சட்டப்படியான பணமாக ஏற்கவில்லை. 2019 ஜனவரி 15 முதல் இவை பங்குப் பத்திரச் சட்டத்தின் கீழ் வந்துள்ளன. இவற்றின் சந்தையை நடத்துவோர் செக்யூரிட்டீஸ் கமிஷனில் பதிவு பெற வேண்டும். பதிவுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லப் படித்த பிள்ளைகளிடம் கேளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் கொண்டிராமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக் கணக்கில் இருக்கும்வரை தடுக்க வழியுண்டு. இந்த நாணயமாக மாறி வேறு கைக்குப் போனபின் மீட்பது அரிது.

அதற்காக எல்லாமே புரட்டு என்று ஒதுக்கவும் நாம் சொல்லவில்லை. எத்திரியத்தின் நெரிசலைக் குறைக்க 2017இல் இந்தியாவில் சிலர் மேட்டிக் என்ற துணை ஏட்டைத் தொடங்கினார்கள். 2021இல் அதன் பெயர் பாலிகான் ஆயிற்று. விளையாட்டுக்காரர்கள் வந்தார்கள். ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடை தன் வாடிக்கையாளருக்கான பரிசு முத்திரைகளை அதில் பதிந்து பார்த்து, 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. ஆனால் 2022இல், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள ஏட்டாபள்ளியில், காடு சூழ்ந்த பழங்குடிப் பகுதியில், சுமார் 65,000 சாதிச் சான்றிதழ்களின் அடையாளத்தை அதே ஏட்டில் பதியும் வேலை தொடங்கியது. போலிச் சான்றிதழைக் கொண்டு உரியவரின் இடத்தை வேறொருவர் பறித்துவிடக் கூடாது என்பதே எண்ணம்.

பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த குடும்பங்கள் தோட்டப்புறத்தில் எத்தனை என்பது நமக்குத் தெரியும். ஆகவே இந்தப் பயனின் அருமை நமக்குப் புரியும்; அதன் எல்லையும் புரியும். எழுதியதை அழிய விடாமல் காப்பதே ஏட்டின் வேலை. எழுதியது சரியா என்று அதற்குத் தெரியாது. முனியம்மா என்ற பெயரை மணியம்மா என்று எழுத்தர் பதிந்துவிட்டால், ஏடு மணியம்மாவையே பத்திரமாகக் காக்கும். அதைத் திருத்த, சான்றுகளை எடுத்துக்கொண்டு தேசியப் பதிவிலாகாவுக்குத்தான் போக வேண்டும்.