பெட்டியாக நடிக்கும் கணிப்பொறி

1983-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஃபாமிகாம்' விளையாட்டுப் பெட்டியின் ஆட்டங்களை உங்கள் கணிப்பொறியில் ஆட முடியுமா? அப்பெட்டியின் செயலிக்கு விநாடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புகள். இன்றைய கணிப்பொறிக்கோ 300 கோடி! பிறகென்ன கஷ்டம் என்கிறீர்களா?

பெட்டிக்குள் செயலியும் படம் வரையும் சில்லும் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. செயலி ஒரு துடிப்பை முடிப்பதற்குள் படச் சில்லு திரையில் 3 புள்ளிகளைக் கடந்துவிடும். பெட்டியாக நடிக்கும் 'எமுலேட்டர்' நிரலோ இதைச் சிறிது, அதைச் சிறிது என்று மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஒரே ஆள் வயலினும் மிருதங்கமும் வாசித்துக் கச்சேரி நடத்துவதைப் போல! தாளம் பிசகினால் படம் சிதறும். சில ஆட்டங்கள் நின்றே போகும். பழைய பெட்டிகள் பழுதாகிவருவதால், இந்தக் கணக்கைத் துல்லியமாக்கப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கென்று செய்த பெட்டிக்கு வேறு கணக்கு: அதில் 3 அல்ல, 3.2 புள்ளிகள்!