கறுப்பு பெல்ட்டில் யார் கையெழுத்து? குருவை விட்டுப் பிரிந்த கராத்தே மாஸ்டர்கள்!

மண்ணூர்பேட்டை, மாலை 6 மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு விட்டு எம்.டி.எச். ரோட்டில் கூட்டம் நெரிகிற நேரம். உள்தெருக்களில், மொட்டை மாடியிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் இன்னொரு சத்தம் கேட்கும்.

"இச்... நீ... சான்!"

வெள்ளை உடுப்பு மாட்டிய வாண்டுகள் காற்றைக் குத்துகிற சத்தம்! காம்பவுண்டு சுவரோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் அப்பா, அம்மாக்கள் மனசில் ஒரே கேள்விதான். "மாசா மாசம் பீஸ் கட்டுறோம். பெல்ட் டெஸ்ட்டுக்குத் தனியாக் கட்டுறோம். இந்த சர்ட்டிபிகேட் நாளைக்குச் செல்லுமா?"

நியாயமான கேள்வி. கராத்தே சர்ட்டிபிகேட் என்பது ரிஜிஸ்தர் ஆபீஸ் பத்திரம் அல்ல. யாரோ ஒரு மாஸ்டர் போட்ட கையெழுத்து. அந்த மாஸ்டர் சங்கத்தை விட்டு வெளியே போய்விட்டால்? கண்ணை மூடிவிட்டால்?

இரண்டும் நடந்திருக்கிறது. அதுவும் உலகத்திலேயே முரட்டுக் கராத்தே என்று பெயர் வாங்கிய ஜப்பானின் 'கியோகுஷின்' சங்கத்தில்!

நிஜ அடி!

கராத்தேயில் இரண்டு ரகம். ஒன்று, அடியை அளந்து போட்டுப் புள்ளி எடுப்பது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்த்தது அந்த ரகம். இன்னொன்று, நிஜமாகவே அடிப்பது. கியோகுஷின் இரண்டாவது ரகம். கையுறை கிடையாது. நெஞ்சில், வயிற்றில் வெறும் முஷ்டியால் குத்து விழும். தொடையில் உதை விழும். தலைக்கும் உதைக்கலாம். முகத்தில் கையால் குத்தக் கூடாது. அவ்வளவுதான் சலுகை.

இதை உண்டாக்கியவர் மாஸ் ஒயாமா. பெயர்தான் ஜப்பான் பெயர். பிறந்தது 1923-ல் கொரியாவில். மலையில் தனியாகக் கிடந்து பயிற்சி எடுத்தவர். காளைகளோடு வெறுங்கையால் மோதியவர். மொத்தம் 52 காளைகள் என்று கணக்குச் சொல்வார்கள். (யார் எண்ணியது என்று கேட்கக் கூடாது!) 1964-ல் டோக்கியோவில் தலைமைப் பயிற்சிக் கூடத்தைத் திறந்தார்.

தோற்றவர் என்ன ஆனார்?

அதே 1964-ல் ஒரு சவால். கராத்தே பெரிதா, தாய்லாந்து குத்துச்சண்டை பெரிதா? ஒயாமாவின் ஆட்கள் மூன்று பேர் பாங்காக் போய் லும்பினி அரங்கில் இறங்கினார்கள். இரண்டு பேர் ஜெயித்தார்கள். தோற்றவர் கென்ஜி குரோசாகி. மூவரில் அவர்தான் மூத்தவர். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் இருந்தவர்!

இன்னொருவராக இருந்தால் அவமானத்தில் ஊர்ப்பக்கம் போயிருப்பார். குரோசாகி அப்படிச் செய்யவில்லை. தம்மைத் தோற்கடித்த கலையையே படிக்க ஆரம்பித்தார். ஒயாமாவின் நிழலை விட்டு வெளியே வந்து, டோக்கியோவில் 'மெஜிரோ ஜிம்' என்று சொந்தக் கூடம் போட்டார். அங்கே அவர் தயார் செய்த தோஷியோ புஜிவாரா, 1978-ல் தாய்லாந்தின் ராஜதம்னன் அரங்கப் பட்டத்தையே தட்டிக்கொண்டு வந்தார். அந்த நாட்டுக்காரர் அல்லாத ஒருவர் அப்படிப் பட்டம் வாங்கியது அதுவே முதல் தடவை. பாங்காக் கடனை வட்டியோடு தீர்க்க 14 வருஷம்!

100 பேரோடு ஒருவர்!

ஸ்டீவ் ஆர்னீல் கதை வேறு. தென் ஆப்பிரிக்காவில் பிறந்து, ஜப்பானுக்குப் போய் ஒயாமாவிடம் சேர்ந்தவர். 1965 மே 21. ஒருவர் பின் ஒருவராக 100 பேரோடு சண்டை! மூச்சு வாங்க நேரமில்லை. இவருக்கு எதிரே வருகிறவன் ஒவ்வொருவனும் புது ஆள். ஒயாமாவுக்குப் பிறகு அந்தப் பரீட்சையில் தேறிய முதல் ஆள் இவர்தான். அந்த வருஷமே ஜப்பானிய மனைவியோடு இங்கிலாந்து போய்ச் சங்கக் கிளையைக் கட்டினார். 1991-ல் ஒயாமாவின் சங்கத்தை விட்டு விலகித் தனிச் சங்கம் கண்டார். 2021-ல் காலமானார்.

பாங்காக்கில் ஜெயித்த இருவரில் ஒருவர் தடாஷி நகமுரா. 1966-ல் ஒயாமா இவரை நியூயார்க்குக்கு அனுப்பினார். 10 வருஷத்தில் இவரும் பிரிந்து 'செய்தோ' என்று சொந்தப் பள்ளி தொடங்கினார். ஷிகோகு தீவில் கராத்தே வளர்த்த ஹிதேயுகி ஆஷிஹாரா 1980-ல் தனிக்கடை போட்டார். அவருடைய சீடர் கசுயோஷி இஷீயும் அதே வருஷம் ஒஸாகாவில் தனிக்கடை! டி.வி.யில் பலர் வாயைப் பிளந்து பார்த்த 'கே-1' போட்டியை 1993-ல் ஆரம்பித்தவர் இந்த இஷீதான்.

ஏன் இப்படி? ஆளுக்கு ஒரு காரணம். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட் ஆளுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதலாளியிடம் பத்து வருஷம் லேத் பிடித்தவர், ஒரு நாள் பக்கத்துத் தெருவில் சொந்தப் பட்டறை போடுகிறார். தொழிலைக் கற்றது முதலாளியிடம். வாடிக்கைக்காரரைப் பிடித்தது தன் வியர்வையால். யார் பக்கம் நியாயம்? பஞ்சாயத்து பேசப் போனால் பொழுது விடிந்துவிடும்.

செல்லாத உயில்!

1994 ஏப்ரல் 26. நுரையீரல் புற்றுநோயில் ஒயாமா இறந்தார். அப்போதுதான் பெரிய கூத்து ஆரம்பம்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவர் சொல்ல, சாட்சிகள் வைத்து எழுதியதாக ஓர் உயில் வெளியே வந்தது. அடுத்த தலைவர் அகியோஷி மட்சுயி! 1986-ல் 100 பேர் பரீட்சையில் தேறியவர். 1987-ல் உலக சாம்பியன். எல்லாம் சரி. வயசு 31! தலை நரைத்த மாஸ்டர்கள் எத்தனையோ பேர் இருக்க, தலைமை நாற்காலி இந்த இளைஞருக்கு. ஒயாமாவின் குடும்பம் உயிலை எதிர்த்தது. 1995-ல் டோக்கியோ குடும்ப நீதிமன்றம் உயில் செல்லாது என்றது. மட்சுயி நாற்காலியை விடவில்லை. சங்கம் துண்டு துண்டானது. எல்லாத் துண்டுக்கும் பெயர் கியோகுஷின்தான்!

கறுப்பு பெல்ட் வாங்கி வைத்திருந்தவர்கள் நிலை? நேற்று வரை ஒரே கையெழுத்து. இன்று, "நீ யார் பக்கம்?" என்ற கேள்வி.

சென்னையிலும் ஒரு மாஸ்டர் கடைசி நாளில் இதே கவலையில் இருந்தார். ஷிஹான் ஹுசைனி! கியோகுஷின்காரர் அல்ல. ஆனால் 'புன்னகை மன்னன்', 'பத்ரி' படங்களில் ஜனங்கள் பார்த்த முகம். நடிகர் பவன் கல்யாணுக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்தவர். ரத்தப் புற்றுநோயோடு படுத்திருந்தபோது, தம்முடைய பயிற்சி இடத்தைப் பவன் கல்யாண் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வீடியோவில் கேட்டார். தம் உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தருவதாகவும் அறிவித்தார். 2025 மார்ச் 25-ல் காலமானார்.

மண்ணூர்பேட்டை அப்பாக்கள் கூச்சப்படாமல் கேட்கலாம்: "மாஸ்டர், உங்க மாஸ்டர் யாரு? இது எந்தச் சங்கத்து சர்ட்டிபிகேட்? அந்தச் சங்கத்தை யார் ஒத்துக்கிறாங்க?" பதில் சொல்லத் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏழரை மணி. வகுப்பு முடிகிறது. வாண்டுகள் வரிசையில் நின்று, மாஸ்டருக்குக் குனிந்து, "ஓஸ்!" என்று கத்துகிறார்கள். ஒயாமாவின் கூடத்திலும் இதே சத்தம்தான்.

"அப்படின்னா என்னடா அர்த்தம்?" என்று ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே அப்பா கேட்டால், பையன் சொல்வான்:

"தெரியாதுப்பா. மாஸ்டர் சொல்லச் சொன்னாரு!"