எஞ்சினை மாற்றினீர்கள், புத்தகத்தை மாற்றினீர்களா?

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கமெல்லாம் வான்கள் புறப்படத் தொடங்கிவிடும். நுவரெலியா, ஜெய்லானி, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று நான்கு நாள், ஐந்து நாள் சுற்று. இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளைத் தூக்கத்தோடு ஏற்றி, சமைத்த சட்டிகளைப் பின்னால் அடுக்கி, கூரையில் பாயையும் தண்ணீர்க் கலன்களையும் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். வான் பெரும்பாலும் டொல்பின், ஷெல், லொட்டோ. இருபது முப்பது வருடம் ஓடியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வானின் விலை ஏறியது. இருந்ததை வெட்டி, ஒட்டி, எஞ்சின் மாற்றி ஓட்டுவதைத் தவிர நம்மவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அதை நான் குறை சொல்லவில்லை. மாற்றியதை எங்கும் பதியாமல் நானூறு கிலோமீற்றர் தாண்டிப் போவதைத்தான் சொல்கிறேன்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கதை இதுதான். அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொணராகலை தாண்டி வான் போகிறது. நடுச்சாமத்தில் ஒரு சோதனைச் சாவடி. பொலிஸ்காரர் சாரதி ஆசனத்தைத் தூக்கச் சொல்லி, டோர்ச் அடித்து எஞ்சின் நம்பரைப் பார்க்கிறார். பதிவுப் புத்தகத்தில் 2எல் எஞ்சின், கொள்ளளவு 2,446 சீசீ. உள்ளே இருப்பதோ 3எல், 2,779 சீசீ. நம்பரும் வேறு. வான் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறது. உம்மாவும் கைக்குழந்தையும் வீதியோரத்தில் நிற்கிறார்கள். “கராஜ் பாஸ் ஒரு பிரச்சினையும் வராதெண்டுதானே காக்கா சொன்னாரு” என்று ஊரிலிருக்கும் மூத்தவருக்குத் தம்பி தொலைபேசியில் அழுகிறான். பாஸுக்கு எஞ்சினைப் பொருத்தத் தெரியும். சட்டத்துக்குப் பதில் சொல்ல அவர் வரமாட்டார்.

எஞ்சின் நம்பரை யாராவது சுரண்டியோ மறுபடி பொறித்தோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம். திருட்டு வாகனமென்ற சந்தேகத்தில் வானைத் தடுத்துவைத்து அரச பகுப்பாய்வாளரின் அறிக்கைக்கு அனுப்பலாம். நீதவான் நீதிமன்றம் விடுவிக்கும்வரை அது பொலிஸ் வளவில் வெயிலில் காயும். “பழைய நம்பரையே அடித்துத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் அந்தக் கராஜில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.

“புகைப் பரிசோதனை பாஸ், வருமான அனுமதிப்பத்திரமும் இருக்கிறது, பிறகென்ன?” என்பார்கள். புகைச் சான்றிதழ் புகையை அளந்த காகிதம். வருமான அனுமதிப்பத்திரம் அந்தச் சான்றிதழையும் இன்சூரன்ஸையும் பார்த்துப் பிரதேச செயலகம் கொடுத்தது. உங்கள் எஞ்சினை மாற்ற இரண்டுமே அனுமதி தரவில்லை. அதற்குரிய இடம் ஒன்றுதான்: மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்.

இனி செய்யவேண்டியதைக் கவனமாகப் படியுங்கள். எஞ்சினை வாங்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் ஊரில் வாங்கினாலும், எஞ்சின் நம்பர் எழுதிய பற்றுச்சீட்டில்லாமல் காசு கொடுக்காதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் சட்டமே அப்படிச் சொல்கிறது. இறக்குமதியான எஞ்சினென்றால் அதன் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேளுங்கள். இன்னொரு வாகனத்திலிருந்து கழற்றியதென்றால் அந்த வாகனத்தின் பதிவுப் புத்தகப் பிரதியும் உரிமையாளரின் கடிதமும் வேண்டும். “அதெல்லாம் பிறகு தாறன்” என்று கடைக்காரர் சொன்னால் எஞ்சினை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் அவருக்கு உங்கள் முகமே ஞாபகமிராது.

அடுத்தது உங்கள் புத்தகம். அது யார் பெயரில் இருக்கிறது? நம் பகுதியில் ஓடும் வான்களில் எத்தனையோ இன்னும் ‘ஓப்பன் பேப்பரில்’தான் ஓடுகின்றன. முன்னைய உரிமையாளர் கையெழுத்து வைத்த படிவம் வீட்டு அலுமாரியில் தூங்குகிறது. இப்படியான வானின் எஞ்சின் மாற்றத்தை உங்கள் பெயரில் பதிய முடியாது. விற்பவர் எம்டிஏ 8, வாங்குபவர் எம்டிஏ 6 படிவங்களை நிரப்பி, கைமாறிய 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்குத் தெரியப்படுத்த வேண்டுமென்பது விதி. தவறியவர்கள் தாமதக் கட்டணம் போனாலும் பரவாயில்லையென்று முதலில் பெயரை மாற்றுங்கள். விற்றவருக்கும் ஒரு சொல்: பெயர் மாறும்வரை அந்த வான் யாரையாவது மோதினால் பொலிஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.

பெயர் சரியென்றால் மூலப் பதிவுப் புத்தகம், அடையாள அட்டை, பற்றுச்சீட்டு, சுங்கப் பத்திரப் பிரதி, இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு போட்டோக் கொப்பி எடுத்து ஒரே கோவையில் வையுங்கள். வான் லீசிங்கில் இருந்தால் முழு உரிமையாளர் அந்த நிதி நிறுவனம்தான். அவர்களின் சம்மதக் கடிதம் இல்லாமல் எதுவும் நகராது. முதலில் அம்பாறை மாவட்ட அலுவலகத்துக்குப் போய், வானை மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் எப்போது காட்டவேண்டும், எதை அங்கேயே முடிக்கலாம், எதற்கு நாரஹேன்பிட்ட தலைமை அலுவலகம் போகவேண்டும் என்று கேளுங்கள். புறப்படுமுன் 1919 அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். மேலதிக ஆசனம், கூரை உயர்த்தல், வானின் நிறம் என்று வேறு எதையாவது மாற்றியிருந்தால் அதையும் அதே பயணத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த இடத்தில் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முதல் நாள் ஒரு காகிதம் குறைவென்று அனுப்புவது, அடுத்த நாள் வந்தால் இன்னொன்று குறைவென்பது, மூன்றாம் நாள் உரிய உத்தியோகத்தர் லீவென்பது. கூலிக்கு வான் ஓட்டுபவன் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் உழைப்பை இழக்கிறான். தேவையான காகிதங்கள் எல்லாவற்றையும் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? மக்கள் பதியாமல் விடுவதற்குப் பாதிக் காரணம் இந்த அலைச்சல்தான். வான்காரர்களே, உங்களை இரண்டு தடவை திருப்பி அனுப்பினால் மூன்றாம் தடவை சண்டை பிடிக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி ஆர்டிஐ 01 படிவத்தில், “எஞ்சின் மாற்றத்தைப் பதிய வேண்டிய ஆவணங்களும் கட்டணமும் எவை?” என்று எழுதித் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றி நம்மவர்களின் அலட்சியம் எனக்குக் கோபத்தையே தருகிறது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் உங்கள் வானுக்கு ஒரு சதமும் தராது. புல் இன்சூரன்ஸ் இருந்தாலும், எஞ்சின் மாறியதைக் கம்பனிக்குச் சொல்லாவிட்டால் நட்டஈட்டை மறுக்க நீங்களே காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டீர்கள். சொந்தப் பாவனைக்கென்று எடுத்த இன்சூரன்ஸோடு ஹயர் ஓடினாலும் அதே கதைதான். ஏஜென்டிடம் வாயால் சொன்னதைச் சொன்னதாக நினைக்காதீர்கள். கடிதமாகக் கொடுத்து, கம்பனி அதை ஏற்றுக்கொண்டு தரும் பதிலைப் புத்தகத்தோடு வையுங்கள். செல்லுபடியான இன்சூரன்ஸே இல்லாமல் பிடிபட்டால் தண்டம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. நியாயமில்லாமல் நட்டஈட்டை மறுத்தார்களென்றால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். கராஜ் வேலையில் ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அவர்களின் இலக்கம் 1977. பற்றுச்சீட்டை வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்கும்தான்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் மலை இறக்கம் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. பெரிய எஞ்சின் போட்டால் வான் ஏற்றத்தில் பாய்ந்து ஏறும். பிரேக் பழைய வானுக்குரியதுதான். மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும் பதினெட்டு வளைவில் திரும்பி வரும்போதும், எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போதும் முழு இறக்கத்தையும் பிரேக்கிலேயே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். லைனர் காய்ந்து, பிரேக் ஒயில் கொதித்து, மிதி தரைவரை போய்விடும். 2025 செப்டெம்பர் 4 இரவு அந்த எல்ல–வெல்லவாய வீதியில்தான் தங்காலை நகர சபை ஊழியர்களின் சுற்றுலா பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போல் குடும்பத்தோடு போனவர்கள்தான். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். புறப்படுமுன் லைனரைக் கழற்றிப் பாருங்கள், பிரேக் ஒயிலைப் புதிதாக ஊற்றுங்கள், கூரைச் சுமையைப் பாதியாக்குங்கள். இரவு முழுக்க ஓட்டிய சாரதியைக் காலையில் மலை இறங்க விடாதீர்கள்.

விபத்து நடந்தால் 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ், இலவசம். பொலிஸுக்கு 119. அதன்பிறகு நம்மவர்கள் விடும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஊவாவில் ஒரு பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டுவார்கள். என் மைத்துனர் ஒருவர் அதில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே கையெழுத்து வைத்தார். வேகமாக வந்தது தான்தான் என்று அதில் இருந்ததை, இன்சூரன்ஸ் கம்பனி நட்டஈட்டை மறுத்த பிறகுதான் அறிந்தார். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் அலுவல் பார்க்க உங்களுக்கு உரிமை தருகிறது. “தமிழில் எழுதுங்கள், அல்லது தமிழில் வாசித்துக் காட்டுங்கள்” என்று மரியாதையோடு கேளுங்கள். மறுத்தால் நிலையத்தின் பெயர், திகதி, நேரம், உத்தியோகத்தரின் இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு ஊர் திரும்புங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சட்டம் தரும் காலம் ஒரு மாதம்தான் என்பதால் அங்கே முறையிடுவதையும் அந்த ஒரு மாதத்துக்குள் செய்யுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். பற்றுச்சீட்டில்லாத எஞ்சினை வாங்காதீர்கள். ஓப்பன் பேப்பர் வானில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாகாணம் தாண்டாதீர்கள்.

அடுத்த பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றிரவே பதிவுப் புத்தகத்தை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, வானின் முன் ஆசனத்தைத் தூக்கி, எஞ்சினில் உள்ள நம்பரை வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றில்லையென்றால் நாளைக் காலையே அம்பாறைக்குப் போங்கள்.