தண்ணீரில் கோடு இல்லை

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரியவுக்குப் போகிற வழியில், தெல்தெனியப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணில் படும். 1985இல் திறக்கப்பட்ட 122 மீட்டர் உயர அணை மறித்துத் தேக்கிய மகாவலித் தண்ணீர் அது. இத்தனை தண்ணீருக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவதென்றால் நம் நினைவுக்கு வருவது தடாகம் மட்டுமே. தடாகத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கிறது, பக்கத்தில் கயிறு இருக்கிறது, களைத்தால் பிடிக்கச் சுவர் இருக்கிறது. ஆற்றிலும் கடலிலும் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே திறந்த நீரில் நீந்தப் பயிற்சி முகாம் நடத்துவோர், கைக்கு வலுவேற்றுவதற்கு முன்பாகவே நேராகப் போகக் கற்றுத்தர வேண்டும் என்பேன்.

சின்னக் கணக்கொன்று போதும். குறியிலிருந்து 10 பாகை விலகி 100 மீட்டர் நீந்தினால், போய்ச் சேரும் இடம் 17 மீட்டர் தள்ளி இருக்கும். 20 பாகை இங்கும் அங்குமாக வளைந்து வளைந்து 10 கிலோமீட்டரைக் கடப்பவர் 640 மீட்டர் வீணாக நீந்துகிறார். 100 மீட்டரை ஒன்றரை நிமிடத்தில் கடக்கக்கூடியவருக்கு அது ஏறத்தாழப் பத்து நிமிடம். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட மரதன் நீச்சலின் தூரமும் இதே 10 கிலோமீட்டர்தான்; அங்கே பதக்கங்கள் நொடிக் கணக்கில் கைமாறுகின்றன. வளைவதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. பெரும்பாலானவர்களுக்கு ஒரு கை மற்றதைவிட வலுவானது, மூச்சும் ஒரே பக்கம்தான் எடுத்துப் பழக்கம். கோடு கண்ணில் படாத இடத்தில் உடம்பு தானாகவே ஒரு பக்கம் சாயும்.

தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். அங்கேதான் நுட்பமே இருக்கிறது. நீரில் கிடக்கும் உடம்பு தராசுக்கோல் மாதிரி. தலை எழுந்தால் இடுப்பும் காலும் தாழும், வேகம் அறுந்துபோகும். தேர்ந்த நீச்சல்காரர் முதலையைப் போலக் கண்ணை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவருவார். முன்னே நீட்டிய கை நீரை அழுத்தத் தொடங்கும் கணத்தில் நெற்றி எழும், கண் குறியைத் தொட்டுவிட்டுத் தாழும், முகம் அப்படியே பக்கவாட்டில் திரும்பி மூச்சை இழுக்கும். வாய் மேலே வராது. ஆறு முதல் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். குறியாக மிதவையைக் கொள்வது பிழை, ஒரு சாண் அலையே அதை மறைத்துவிடும். மிதவைக்கு நேர் பின்னால் கரையில் உயர்ந்து நிற்கும் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

உடல் வலு இல்லாமல் நெடுந்தூரம் போக முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. ஆனால் பாக்கு நீரிணையைக் கடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 1966 ஏப்ரலில் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்த 25 மணி 36 நிமிடம் எடுத்தது. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை ஒரே மூச்சில் போய்த் திரும்பினார், 51 மணி நேரம். இரண்டு பகல் இரண்டு இரவுக்கு எந்தத் தோளிலும் வேகம் மிஞ்சாது. ஒவ்வொரு வீச்சையும் வீணாக்காமல் இருப்பதே அங்கே வலு. அதே ஆனந்தன் 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். அத்தனை தேர்ந்தவருக்கும் தண்ணீர் விட்டுக்கொடுப்பதில்லை என்பதை எந்த முகாமும் மறக்கக்கூடாது.

இதைவிடக் கனமான மறுப்பு, நீர்த்தேக்கம் ஆபத்தானது என்பது. உண்மைதான். விக்டோரியாவின் அடியில் பழைய தெல்தெனிய நகரமே கிடக்கிறது, கடும் வறட்சியில் அதன் இடிபாடுகள் வெளியே தெரியும். பள்ளத்தாக்கை நிரப்பிய நீர் என்பதால் கரையிலிருந்து நாலடி வைத்தாலே ஆழம் விழும் இடங்கள் உண்டு. ஆகவே அனுமதி பெற்ற பகுதியில், அணையிலிருந்து வெகு தொலைவில், படகும் உயிர்காப்பாளரும் கூட இருந்து, ஒவ்வொருவர் இடுப்பிலும் பளிச்சென்ற மிதவை கட்டி, இறங்கியோரையும் ஏறியோரையும் தலை எண்ணித்தான் நடத்த வேண்டும். 2010 ஒக்டோபரில் புஜைராவில் சூடான கடல்நீரில் நடந்த உலகக் கிண்ண நீச்சல் போட்டியில் அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் நடுவழியில் மூழ்கி இறந்ததை உடனே எவரும் கவனிக்கவில்லை. நீரின் வெப்பத்துக்கு மேல்வரம்பாக 31 பாகை செல்சியஸ் வந்தது அதன் பிறகுதான். ஆபத்தைச் சொல்லிப் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைப்பதால் மட்டும் அவர்கள் காப்பாற்றப்படுவதில்லை; எப்படியும் ஒருநாள் ஓடையிலோ அருவித் தடாகத்திலோ இறங்கத்தான் போகிறார்கள்.

மலைநாட்டுக்குக் கடல் இல்லையே என்பதும் பெரிய குறையல்ல. பாக்கு நீரிணையின் நடுவில் கண்ணுக்கு எட்டுவது கூட வரும் படகு மட்டுமே. இங்கோ சுற்றிலும் மலை. நக்கிள்ஸ் முகடுகளை அடையாளம் வைத்தே வழி சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்குக் குறி தேடத் தெரியும். தொடக்கத்தைத் தடாகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பிள்ளையைக் கோட்டின் மேல் நிறுத்தி, பக்கத்தில் ஒருவர் காவலுக்கு நிற்க, கண்ணை மூடி ஆறு வீச்சு நீந்தச் சொல்லுங்கள். கண்ணைத் திறக்கும்போது எந்தப் பக்கத்துக் கயிறு அருகில் இருக்கிறது என்று பார்த்தால், எந்தக் கையைத் திருத்த வேண்டும் என்பது பிள்ளைக்கே விளங்கும்.