உங்களுக்குத் தெரியுமா? இலங்கை ஆபிரிக்கரின் மஞ்சா

இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள புத்தளத்தை அடுத்த சிராம்பியடிக் கிராமத்தில், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகியோரால் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர் என்பதும், 'மஞ்சா' எனும் கூட்டுப் பாடல் மரபை அவர்கள் பேணி வருகின்றனர் என்பதும் பலர் அறியாத செய்திகளாகும்.

அன்றாடம் சிங்களம் பேசும் இம்மக்கள், மஞ்சாவை மட்டும் போர்த்துக்கேயமும் உள்நாட்டு மொழிகளும் கலந்து உருவான இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியிலேயே பாடுகின்றனர். சில அடிகளே கொண்ட பாடல் மெதுவாகத் தொடங்கி, மீண்டும் மீண்டும் பாடப்பட்டு, படிப்படியாக வேகமெடுக்க, பாடுவோரும் எழுந்து ஆடத் தொடங்குவர். தாளத்துக்கு, ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய றபான் எனும் பறையுடன், ஒன்றோடொன்று மோதும் தேங்காய்ச் சிரட்டைகளும் கரண்டியால் தட்டப்படும் கண்ணாடிப் போத்தலும் துணைநிற்கின்றன.

கிழக்குக் கரையிலுள்ள நிந்தவூர், கல்முனைப் பகுதிகளில் பக்கீர் பாவாக்கள் எனும் முஸ்லிம் சூபி பாடகர்கள் பைத் எனும் இஸ்லாமியப் பாடல்களைப் பாடும்போது தட்டும் றபானும் இதே வகைப் பறையே. நிந்தவூருக்கு வடக்கே, மட்டக்களப்பில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் திருமணங்களில் ஆடும் 'கபிரிஞ்ஞா'வும் ஆபிரிக்க, போர்த்துக்கேய இசைக் கலப்பில் பிறந்ததாகக் கருதப்படுகிறது. 1940களில் பாடகர் வொலி பஸ்தியன்ஸ் சிங்களத்தில் பாடிப் பரப்பிய பைலா இசைக்கும் இக்கபிரிஞ்ஞாவின் தாளமே அடிப்படையாகும்.